கழியும் கழனியும்

தீபத்துக்கு ஐந்து நாள் முன்பு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் சவுக்கு மரங்கள் இன்னும் கிடக்கின்றன. வண்டி போகும் அகலத்துக்கு மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, தலையையும் வேரையும் இரண்டு ஓரத்திலும் விட்டிருக்கிறார்கள். புயல் போய் எட்டு நாள். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல், மேலே போக மனமில்லாததுபோல் அங்கேயே நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் தாண்டிவிட்டது. என் வீட்டு மாடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி இரண்டு முறை நிரம்பியது வரை எனக்குத் தெரியும். அதன்பிறகு வாளியே இல்லை.

இந்த வட்டாரத்து ஏரிகளெல்லாம் கலங்கல் வழிந்தால் கடைசியில் போய்ச் சேரும் பள்ளம் கழுவேலி. கழுவெளி என்றும் எழுதுகிறார்கள். வானூர், மரக்காணம் பக்கத்தில் 5,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகமாகப் பரந்து கிடக்கும் தாழ்நிலம். தென்மேற்கே ஏரித் தண்ணீர். வடகிழக்கே போகப் போக வாயில் வைத்தால் கரிக்கும். அங்கிருந்து ஓடை வழியாக எடையன்திட்டுக் கழிமுகம், பிறகு கடல். கோடையில் பெரும்பகுதி வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர். அந்த முழங்கால் தண்ணீரை நம்பித்தான் சைபீரியாவிலிருந்து வருகிறார்கள்.

இன்றைக்கு முழங்கால் தண்ணீர் இல்லை. ஆள் மட்டம். கரையில் நின்று ஒரு மணி நேரம் தொலைநோக்கியை ஓட்டினேன். சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் கோரையின் நுனி, மிதந்து போகும் ஒரு தெர்மோகோல் பெட்டி. நாமக்கோழிகள் கொஞ்சம். கால் ஊன்றி நிற்க இடமில்லாத தண்ணீரில் உள்ளான்களுக்கு என்ன வேலை? குறிப்பேட்டில் தேதியை எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, கிளம்பலாம் என்று திரும்பினேன்.

திரும்பியதும் பறவைகள்.

எனக்குப் பின்னால் இருந்தது கழனி. பூக்கிற பருவத்துச் சம்பா, ஒரு வாரமாகத் தண்ணீரில் கிடக்கிறது. பயிரின் பாதி சாய்ந்து, சாய்ந்த இடமெல்லாம் குளம்போலத் திறந்திருந்தது. அதில் அரிவாள் மூக்கன்கள் வரிசையாக நடந்தன. நெடுங்கால் உள்ளான்கள் கால் நனைந்தும் வயிறு நனையாமலும் நின்றன. பொரி உள்ளான்களை எண்ணத் தொடங்கி, எழுபதில் குழம்பி, மறுபடி தொடங்கினேன். மேலே மீசை ஆலாக்கள் சாய்ந்து சாய்ந்து இறங்கி, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. இத்தனை குளிர்காலமாக வருகிறேன். ஒரே வயலில் இவ்வளவு பார்த்ததில்லை.

வரப்பில் அவர் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர். நான்கைந்து வருடப் பழக்கம். வாய்க்கால் மதகு ஓரத்தில் என் வண்டியை நிறுத்த இடம் கொடுத்தவர்.

"நெறய வந்துருக்குதா சார்?" என்றார்.

நான் என்ன சொல்வது? "ஆமாண்ணே" என்றேன். கையில் இருந்த குறிப்பேட்டை மூடிக்கொண்டேன்.

அன்றே, இரவில்

வாலாட்டியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். இருந்தது. மதகுச் சுவரில், எப்போதும் நிற்கும் அந்த உடைந்த மூலையில்.

பறவைப் பட்டியல்படி அது வாலாட்டி இல்லை. உள்ளான் வகை, நீர்க்கரையில் தனியாகத் திரிவது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, தோளுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தீற்று மேலேறும். எடை ஐம்பது கிராம் சுமார். நிற்கும்போது பின்பக்கம் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் நிலத்துக்காரருக்கு அது வாலாட்டி. முதல் வருடம் நான் திருத்தினேன். "வாலாட்டி வேற அண்ணே, அது கறுப்பு வெள்ளையா, நீள வாலோட இருக்கும்." அவர் அந்தப் பறவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதுவும் ஆட்டுதே சார்."

அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. என் குறிப்பேட்டிலும் இப்போது வாலாட்டி என்றே எழுதுகிறேன்.

ஆவணியில் வந்துவிடும். பங்குனிக் கடைசி வரை இருக்கும். கூட்டம் சேராது, இன்னொன்று வந்தால் துரத்தும். ஒவ்வொரு வருடமும் அதே மதகு, அதே உடைந்த மூலை. அதே பறவையா? காலில் வளையம் இல்லை. இந்த வகை, முந்தைய வருடம் குளிர்காலத்தைக் கழித்த அதே கரைக்குத் திரும்பும் என்பது வளையமிட்டுப் பார்த்தவர்கள் கண்டது. அதனால் இருக்கலாம். கையில் பிடித்துப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல முடியாது. நிலத்துக்காரருக்கு இந்தச் சந்தேகமே இல்லை. "நம்முதுதான்" என்கிறார்.

மார்கழியில் ஒரு நாள்

கழிமுகம். காலை ஆறரை. பனி கண்ணாடியில் படிகிறது; துடைக்கத் துண்டு எடுத்து வரவில்லை, வேட்டி நுனியே கதி.

வங்கக் கடலின் இந்தக் கரையில் தண்ணீர் ஏறி இறங்குவது அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவு, அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான். மற்ற தேசத்துக் கழிமுகங்களில் கடல் மைல் கணக்கில் பின்வாங்கும் என்று படிக்கும்போது நம்முடையது சின்னப் பிள்ளை விளையாட்டுபோலத் தோன்றும். ஆனால் சேறு தட்டையாக இருக்கிறதே. ஒரு சாண் வற்றினால் ஒரு ஊர் அளவு தரை வெளியே வந்துவிடும். இன்று அப்படித்தான் வந்தது. முதலில் தண்ணீரின் பளபளப்பில் ஒரு மங்கல். மங்கல் முதுகாகி, முதுகு திட்டாகி, அதில் ஒரு பறவை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. எங்கிருந்து இறங்கியது என்று நான் பார்க்கவில்லை.

உட்கார்ந்து ஒவ்வொரு மூக்காகப் பார்த்தேன். மூக்கின் நீளம்தான் இங்கே சாப்பாட்டுப் பந்தி. உப்புக்கொத்தியின் மூக்கு குட்டை, கண் பெரிது: ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். கொசு உள்ளான் நிற்காமல் தையல் மெஷின்போலக் குத்திக்கொண்டே போகும். கருவால் மூக்கன் தன் மூக்கை அடிவரை சேற்றில் விட்டு ஏதோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? கண்ணுக்கு வேலையில்லை. மூக்கின் நுனியில் நரம்புக் குழிகள் நிறைந்திருக்கின்றன. சேற்றுக்குள் புழு அசைந்தால் தெரிந்துவிடும். மூக்கை முழுதாகத் திறக்க வேண்டியதும் இல்லை. மேல் அலகின் நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே தூக்கிப் பிடித்து இழுத்துக்கொள்ளும். இடுக்கியை மண்ணுக்குள் விட்டு, அதன் முனை மட்டும் திறப்பதாக நினைத்துக்கொண்டால் சரி.

வளைந்த நீள மூக்குக்காரர் ஒருவரும் வந்தார். பட்டியலில் அவர் பெயர் கோட்டான். ஊரில் கோட்டான் என்றால் ஆந்தை. கோட்டான் பார்த்தேன் என்று வீட்டில் சொன்னால், காலங்காத்தால ஏன் அதைப் போய்ப் பார்த்தீங்க என்று கேட்பார்கள். இந்தக் குழப்பத்தை யார் தீர்ப்பது என்று தெரியவில்லை. எனக்கு அவரது கூவலே போதும். சேற்றின் மேல் அது வழுக்கிக்கொண்டு போகிறது.

எட்டரைக்குத் தண்ணீர் திரும்பியது. வலை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஏறுது" என்றார். திட்டுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பறவைகள் நெருங்கி நெருங்கி நின்று, கடைசித் திட்டில் தோளோடு தோள் உரசும் அளவுக்கு ஆனதும், மொத்தமாக எழுந்தன. எழுந்து கடல் பக்கம் ஒரு சுற்று. வெள்ளை, பழுப்பு, வெள்ளை என்று கூட்டமே புரண்டது. பிறகு சாலைக்கு மேலாக உப்பளத்துக்குள் போய் விழுந்தன.

அதே நாள், உப்பளம்

உப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். கழிமுகத்துக்கு வருகிறவர்கள் இதைக் காரிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பூநாரை நின்றால் இறங்கிப் படம் எடுப்பார்கள். பூநாரையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் பாத்திகள். பக்கிங்காம் கால்வாய் வடக்கேயிருந்து வந்து முடிவதும் இந்தச் சதுப்பில்தான். சங்க நூலில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் நெய்தல் நிலத்து உமணர் வண்டி ஓடிய வழியில்தான் இப்போது லாரி டயர் தடம் பதிந்திருக்கிறது.

உப்பு ஒரே பாத்தியில் விளைவதில்லை. முதலில் உவர்நீரைத் தேக்கும் பெரிய குளம். அதில் மீன் உயிரோடு இருக்கும். ஓரத்தில் கொக்கும் நாரையும் நிற்கும். அங்கிருந்து அடுத்த பாத்தி, அடுத்த பாத்தி என்று மாற்ற மாற்ற வெயில் தண்ணீரைக் குடித்து உப்பைக் கூட்டும். மீன் வாழாது. மீன் இல்லாத இடத்தில் உப்பு ஈக்களின் புழுக்களும் பொடி இறால்களும் பெருகும்; அங்கேதான் நெடுங்கால் உள்ளானும் கொசு உள்ளானும். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். அங்கே ஒன்றும் இல்லை, வெளிச்சம் மட்டும். எந்தப் பாத்தியில் எந்தப் பறவை நிற்கிறது என்று பார்த்தாலே தண்ணீரை நாக்கில் வைக்காமல் உப்பின் அளவைச் சொல்லிவிடலாம். உப்பளத்து அக்கா ஒருவர் என்னிடம் இதைத் தலைகீழாகச் சொன்னார்: தண்ணி எந்தப் பதத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அங்கே என்ன குருவி நிற்கும் என்று சொல்லிவிடுவாராம். சொல்லியும் காட்டினார். கையை நெற்றியில் வைத்துப் பார்க்காமலே.

"இப்ப என்னக்கா வேலை?"

"மழ பெஞ்சிருக்குதே. பாத்தி மொத்தமும் மண்ணு அடிச்சிக் கெடக்குது. தையில மிதிச்சாத்தான்."

ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளத்தில் கூலி இல்லை. அரசு இந்த மூன்று மாதத்துக்கு நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. பாத்திகள் சும்மா கிடக்கும் இந்த மூன்று மாதமும் அவற்றில் நிற்பது நல்ல கணுக்கால் தண்ணீர். கழுவேலி நிரம்பிவிட்ட வருடத்தில் உள்ளான்களுக்கு இதைவிட வேறு புகலிடம் இல்லை. கார்த்திகையில் கழனியில் பார்த்ததும் இதுவும் ஒரே கணக்கு என்று அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது. மூழ்கிய நெல், அடித்துப் போன பாத்தி. என் குறிப்பேட்டில் நிறைந்திருக்கும் பக்கங்களுக்கெல்லாம் இங்கே ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இதை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.

போகிக்கு முதல் நாள்

பொங்கல் விடுமுறையில் பறவை ஆர்வலர்கள் தமிழ்நாடெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 2015 முதல் நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எல்லாம் பட்டியலிட்டால் போதும், காக்கையும் சேர்த்தி. நான் இந்த வருடம் மதகிலிருந்து எடுப்பதாக முடிவு செய்தேன். பதினைந்து நிமிடம் நீர்ப்பக்கம், பதினைந்து நிமிடம் நிலத்துப்பக்கம். இரண்டு பட்டியல்.

ஒத்திகைக்காக இன்று எடுத்தேன். நீர்ப்பக்கம்: நாமக்கோழி, கூழைக்கடா, ஊசிவால் வாத்து நடுத்தண்ணீரில் ஒரு கறுப்புக் கோடாக, நீர்க்காகம், கோரை மேலே ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. நிலத்துப்பக்கம்: பனங்காடை, பழுப்புக் கீச்சான், பஞ்சுருட்டான், தகைவிலான், தூக்கணாங்குருவி, மஞ்சள் வாலாட்டி, ஆட்காட்டி, நத்தைக்குத்தி நாரை, பொரி உள்ளான், உண்ணிக்கொக்கு, மடையான், வானம்பாடி. நிலம் ஜெயித்தது. வாலாட்டி இரண்டு பட்டியலிலும் வந்தது, மதகு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்.

கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில், திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து, ராம்சார் பட்டியலுக்கும் போனது. ராம்சார் என்பது காஸ்பியன் கரையில் இருக்கும் ஈரானிய ஊர். 1971 பிப்ரவரியில் அங்கே கையெழுத்தான உடன்படிக்கைதான் இந்தப் பட்டியலுக்கு மூலம். நல்லது. சந்தோஷம்தான். ஆனால் எல்லைக்கல் நீரோடு நின்றுவிடுகிறது, பறவை அப்படி நிற்பதில்லை. இங்கே நத்தை தின்னும் நத்தைக்குத்திகளில் சில வேடந்தாங்கலில் கூடு கட்டியவையாகக்கூட இருக்கலாம். வேடந்தாங்கல் ஜனங்கள் பறவைகளைக் காத்ததற்கு ஒரு காரணம், எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் வயல் விளையும் என்பது. 1798-இலேயே அந்த ஊரார் கலெக்டர் பிளேஸிடம் எழுதி வாங்கிவிட்டார்கள், இங்கே யாரும் சுடக்கூடாது என்று. ஏரியும் வயலும் வேறுவேறு என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தக் காகிதத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கழி, கழனி. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதானா என்று மொழி அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். மதகில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். வாய் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

தை, அறுப்பு

சேறு காயாததால் பெல்ட் மெஷின். அது போகும் தடத்துக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஓட்டமும் நடையுமாக. முன்பு ஏர் போனபோது ஏருக்குப் பின்னால், பிறகு டிராக்டருக்குப் பின்னால், இப்போது இதற்குப் பின்னால். கொக்குக்கு யார் ஓட்டினால் என்ன, தத்துக்கிளி கிளம்பினால் சரி. மெஷினுக்கு முன்னால், சாய்ந்த பயிருக்கு ஒரு முழம் மேலே, பூனைப்பருந்து ஒன்று இறக்கையை வி போல உயர்த்திப் பிடித்து, இடமும் வலமும் ஆடி ஆடி வந்தது. ஆண், சாம்பல், இறக்கை நுனி மை தோய்த்த கறுப்பு. மத்திய ஆசியப் புல்வெளியில் பிறந்திருக்கும். அது பயிரைப் பார்த்துக்கொண்டே வரும் முகத்தில் ஆந்தையின் சாயல் உண்டு. காதால் கேட்டு வேட்டையாடுவதற்கு வாகாக முகம் வட்டமாகிவிட்டது.

"எலி புடிக்கறதுக்கு இது ஒண்ணு போதும்" என்றார் நிலத்துக்காரர். பிறகு கணக்கு சொன்னார். பறவைகளைப் பற்றி இவரிடமும் ஒரு பேரேடு இருக்கிறது. என்னுடையதைவிடப் பழையது, எழுதப்படாதது. நத்தைக்குத்தி வரவு. ஆந்தை, பருந்து வரவு. கொக்கு வரவு. தாழைக்கோழி செலவு: நட்ட பயிரைக் குருத்தோடு இழுத்துக் கடித்துப் போட்டுவிடும், நடந்து மிதித்தும் கெடுக்கும். மயில் பெரிய செலவு. சில்லை, தூக்கணாங்குருவி கொஞ்சம் செலவு, "அதுங்க வாயி எவ்ளோ சார்" என்று தள்ளுபடி. ராத்திரியில் இறங்கும் சிறவிகளைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூழ்கிய வயலில் உதிர்ந்த நெல்லை அவை பொறுக்கியிருக்கும். அவர் எடுக்க முடியாத நெல்தானே என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

"வாலாட்டி?"

யோசித்தார். "அது ஒண்ணும் குடுக்கல, ஒண்ணும் எடுக்கல. இருக்குது."

பயிர்ச் சேதம் கணக்கெடுக்க ஆள் வந்தார்களாம். வரப்பில் நின்று பார்த்து, எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம். அவர் இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன அந்த உருவம் — வரப்பில் நிற்பது, பார்ப்பது, எழுதுவது, போவது — நான்தான்.

மாலையில் மூட்டை அடுக்கினார்கள். ஏக்கருக்கு இருபத்தைந்து வரும் நிலம். இந்த முறை பதினொன்று. என்னிடம் இருந்தது குறிப்பேடு மட்டும்தான், அதில் எழுதிக்கொண்டேன். பக்கத்தைத் திருப்பாமல், அன்றைய பட்டியலுக்குக் கீழேயே: பொரி உள்ளான் 43, உண்ணிக்கொக்கு 112, பூனைப்பருந்து 1, நெல் மூட்டை 11.

மாசி, மகத்துக்குப் பிறகு

தண்ணீர் கழுவேலியில் இறங்கிவிட்டது. இப்போது அது பழைய முழங்கால் தண்ணீர், இடையிடையே கணுக்கால். புயல் வருடம் தாமதமாகக் கொடுத்த பந்தி. உப்பளத்தில் பாத்தி மிதித்து முடித்துவிட்டார்கள், முதல் உப்பு வாரியாகிவிட்டது. அறுத்த கழனியில் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கிறது. கொல்லையில் தர்பூசணிக் கொடி. ஆள்கள் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். பறவைகள் நீருக்குத் திரும்பிவிட்டன.

காலையிலிருந்து ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கருவால் மூக்கன். கழுத்தில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் நம் ஊரில் எல்லாம் சாம்பல். சாம்பலில் பேதம் பார்த்துப் பெயர் சொல்வதுதான் நமக்கு வாய்த்த கலை. புறப்படும் நேரத்தில்தான் நிறம் பூசிக்கொள்கிறார்கள், அங்கே கல்யாணத்துக்காக. நாம் பார்ப்பதெல்லாம் வேலைக்கு வந்திருக்கும் உடுப்பு.

தின்கிறது, தின்கிறது, தின்கிறது. வயிறு இரண்டு மாதத்துக்கு முன்பு இருந்ததுபோல் இல்லை, உருண்டுவிட்டது. நெடும்பயணம் போகும் கரைப்பறவைகள் சில, கொழுப்பு சேர்ந்து முடிந்ததும், இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்ளும். வழியில் சாப்பாடு கிடையாது, அப்புறம் எதற்கு அந்தச் சுமை என்பதுபோல. இதன் உறவுக்காரப் பறவை ஒன்று, உடலில் பொருத்திய கருவியோடு, 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது. பதினொரு நாள். அது பிறந்து ஐந்தே மாதம். நான் திண்டிவனத்திலிருந்து இங்கு வர வழியில் ஒரு டீ.

தமிழில் பறவை பற்றி எழுதினால் செங்கால் நாரையை ஒரு வரியாவது கூப்பிட வேண்டும் என்று எழுதப்படாத விதி இருக்கிறது. சத்திமுத்தப் புலவர் தூது அனுப்பிய பிறகு அந்தப் பறவைக்கு ஓய்வே இல்லை. நான் இந்தக் கரையில் அதைப் பார்த்ததில்லை, அதனால் கூப்பிடவில்லை. ஆனால் அந்தப் புலவர் அதன் மூக்குக்குச் சொன்ன உவமை பிளந்த பனங்கிழங்கு. தை, மாசியில் இந்தச் சாலை ஓரமெல்லாம் பனங்கிழங்கு விற்கிறார்கள். வேகவைத்துப் பிளந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தேன். நிறம், கூர்ப்பு, நடுவில் ஓடும் பிளவு. அந்த ஆள் பார்த்திருக்கிறார்.

அடிவானத்தில் பத்து மணிக்கு ஒரு கூட்டம் உயர்ந்தது. வழக்கமான சுற்று இல்லை. மேலே, இன்னும் மேலே, பிறகு வடக்கு. எண்ணவில்லை. எண்ணத் தோன்றியபோது புள்ளியாகிவிட்டிருந்தன.

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய ஞாயிறு

எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. கழுவேலியின் ஓரம் வெள்ளையாகப் பூத்து, நடுவில் மட்டும் தண்ணீர். கானல் எழும்பி, தூரத்துப் பறவையெல்லாம் நடுங்குகிறது. இறால் பண்ணைப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம், கூழைக்கடாக்களை விரட்டுகிறார்கள்.

மதகுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். உடைந்த மூலையில் யாரும் இல்லை. இருக்கும், வாய்க்காலில் இறங்கியிருக்கும் என்று உட்கார்ந்தேன். வாய்க்காலில் ஒரு மடையான் நின்றது. குறிப்பேட்டைத் திறந்து போன வாரப் பக்கத்தைப் பார்த்தேன்: வாலாட்டி 1, மார்பில் கோடுகள் கறுத்திருக்கின்றன. போன வருடம், அதற்கு முந்தின வருடம், இதே சமயம். கடைசியாகப் பார்த்த தேதி எல்லா வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பறவை ஞாயிறு பார்த்தா கிளம்புகிறது? நான் வரும் நாள் அது.

நிலத்துக்காரர் உளுந்துக் கொல்லையிலிருந்து வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மதகின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

"அதத்தானே தேடறீங்க?"

"ஆமாண்ணே."

"போயிடிச்சி சார். வெள்ளிக்கெழம."

பேனாவை எடுத்தேன். "வெள்ளிக்கிழமை எப்ப?"

"காலைல மோட்டார் போட வந்தப்ப இருந்துது. நிறுத்த வந்தப்ப இல்ல."

"மோட்டார் எத்தன மணிக்குப் போட்டீங்க?"

"கரண்டு ஆறு மணிக்கு வந்துது. ஒம்போதுக்குப் போச்சி."

எழுதிக்கொண்டேன்.